முதலீட்டு ஆலோசகர்களின் கட்டணத்தையும் கொமிஷனையும் ஒப்பிடுவது எப்படி: திருகோணமலை வாசகருக்கு முழுமையான வழிகாட்டி

ஓய்வூதியப் பணிக்கொடை, ஊழியர் சேமலாப நிதி, கட்டாரில் இருந்து வந்த காசு, நிலாவெளிப் பக்கம் காணி விற்ற காசு. ஏதோ ஒரு வழியில் சில இலட்சங்கள் கைக்கு வந்ததும் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஒருவர் காப்புறுதி, ஒருவர் யூனிட் ட்ரஸ்ட் (பலரின் காசைச் சேர்த்து முதலிடும் நிதியம்), இன்னொருவர் பங்குச் சந்தை. எல்லாரும் நீட்டுகிற அட்டையில் "ஆலோசகர்" என்றுதான் இருக்கும்.

தெரிந்தவர்களுக்கு இந்த ஒப்பீட்டைப் போட்டுக் கொடுத்து வருவதில் நான் கண்டது ஒன்று. புதிதாக வருகிறவர்கள் அநேகமாக "எத்தனை வீதம் கிடைக்கும்?" என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே சறுக்குகிறார்கள். வருமானம் இனிமேல் வர வேண்டியது, யாராலும் உறுதி சொல்ல முடியாது. கட்டணமோ இன்றைக்கே எழுத்தில் இருக்கிற எண். ஆகவே தெரிந்த எண்ணை முதலில் ஒப்பிடுங்கள். கீழே உள்ள ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதில் தங்கியிருக்கிறது.

1. யாரையும் சந்திக்க முன் உங்கள் காசைப் பற்றி எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: எவ்வளவு காசு, எந்த மாதம் எந்த வருடம் திரும்ப வேண்டும், இடையில் அவசரத்துக்கு எடுக்க நேருமா.

"நீண்ட காலத்துக்கு" என்று எழுதாதீர்கள், திகதி போடுங்கள். ஒரே கட்டணம் ஐந்து வருடத்துக்கு மலிவாகவும் ஒரு வருடத்துக்கு அநியாய விலையாகவும் இருக்கும். அந்தக் கணக்கை 5ஆம் படியில் காட்டுகிறேன். திகதி இல்லாவிட்டால் அந்தப் படியைச் செய்யவே முடியாது.

மகளின் கல்யாணம் அடுத்த ஆவணியில், கூரையை ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்றால் அந்தக் காசை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அது சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால நிலையான வைப்பிலோ இருக்கட்டும். மிஞ்சுகிற தொகைக்குத்தான் ஆலோசகர் தேவை.

2. எதிரே இருப்பவர் யாருடைய ஆள் என்று பாருங்கள்

கட்டணத்துக்கு முன் அனுமதிப்பத்திரம். அனுமதி இல்லாதவரின் கட்டணத்தை ஒப்பிடுவது வீண் வேலை.

பங்குத் தரகர் நிறுவனம், யூனிட் ட்ரஸ்ட் நடத்தும் நிறுவனம், முதலீட்டு முகாமையாளர் ஆகியோருக்கு இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். தரகர் நிறுவனத்தில் உங்களோடு பேசுகிற முதலீட்டு ஆலோசகரும் தனியாகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். காப்புறுதிக்கு இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. வைப்பு எடுக்கிற வங்கிக்கும் நிதிக் கம்பனிக்கும் மத்திய வங்கி. அனுமதி பெற்றவர்களின் பட்டியலை இந்த நிறுவனங்கள் தங்கள் இணையத்தளங்களில் போட்டிருக்கின்றன.

இதில் பலர் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. பெரிய குழுமம் ஒன்றின் பெயர்ப்பலகையைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். குழுமத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் கீழ் தரகர், காப்புறுதி, நிதிக் கம்பனி என்று தனித்தனிக் கம்பனிகள் இருக்கும். அனுமதி ஒவ்வொன்றுக்கும் தனி. நீங்கள் கையெழுத்து வைக்கிற படிவத்தின் அடியில் உள்ள முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

வங்கிக் கவுன்டரில் இருக்கிற உத்தியோகத்தர் காப்புறுதித் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அந்த நேரத்தில் அவர் இன்னொரு கம்பனிக்காக விற்கிறார். அந்தப் பொருள் வங்கியின் வைப்பு ஆகாது. இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா வரை காக்கிறது. அது வைப்புகளுக்கு மட்டும். யூனிட் ட்ரஸ்டுக்கோ பங்குக்கோ காப்புறுதிப் பொலிசிக்கோ அது இல்லை.

"ஆள் சேர்த்துத் தந்தால் உங்களுக்கும் பங்கு" என்று பேச்சு வந்தால் அத்தோடு எழுந்துவிடுங்கள். பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடை செய்யப்பட்டவை. சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, நேரில் போயும் கேட்கலாம்.

3. அவருக்கு என்ன கிடைக்கிறது என்று நேராகக் கேளுங்கள்

இந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் ஆட்கள் வெட்கப்படுகிறார்கள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவருடைய உழைப்பைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு. வந்தவரும் பெரும்பாலும் தெரிந்தவராக இருப்பார்: படிப்பித்த பிள்ளை, சொந்தக்காரரின் மருமகன், கோயில் சபையில் கூட இருப்பவர். அதனால்தான் கேள்வியை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தாளைப் பார்த்து வாசித்தால் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்கலாம், யாருக்கும் மனம் நோகாது.

உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்ட விதத்தை அப்படியே தருகிறேன்.

"தம்பி, நான் இதில சேர்ந்தா உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"எங்களுக்கு சம்பளம்தானே, ரீச்சர்."

"சம்பளத்துக்கு மேல?"

"ஒரு சின்ன கொமிஷன் வரும்."

"அந்தச் சின்னது எத்தனை ரூபா? இதே காசை நான் நிலையான வைப்பில போட்டா எத்தனை ரூபா?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கொமிஷன் வாங்குவது குற்றமில்லை, அவரும் வீடு நடத்த வேண்டும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வித்தியாசத்தை. ஒரு பொருளுக்கு அவருக்கு 2,000 ரூபாவும் இன்னொன்றுக்கு 40,000 ரூபாவும் கிடைக்குமானால், இரண்டாவதைப் பற்றி அவர் ஏன் முக்கால் மணித்தியாலம் பேசினார் என்பது விளங்கும். அந்தப் பொருள் கூடாதது என்று இதற்கு அர்த்தமில்லை. அவருடைய பரிந்துரையை எவ்வளவு எடை போடலாம் என்பதற்கான அளவு இது.

அதோடு இவற்றையும் கேளுங்கள். முதல் வருடத்துக்கு மட்டுமா, நான் இருக்கும் ஒவ்வொரு வருடமும் உங்களுக்குப் பங்கு வருமா? வருடாவருடம் வருமென்றால் நீங்கள் வெளியேற வேண்டிய நேரத்திலும் "இருங்கோ" என்று சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு வருடத்தில் எடுத்துவிட்டால் நீங்கள் கொமிஷனைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? ஆம் என்றால் அதே கதைதான். இந்த மாதம் உங்களுக்கு டார்கட், போட்டி, வெளிநாட்டுப் பயணம் ஏதும் இருக்கிறதா? உங்கள் முகாமையாளருக்கும் இதில் பங்கு உண்டா?

பதில்களை அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதுவதைக் கண்டதும் பதில் திருத்தமாக வரும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தபின் வட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னது இதுதானே" என்று ஒரு செய்தி அனுப்பி, அவருடைய பதிலையும் வாங்கி வையுங்கள்.

வெளியில் இருந்து வருகிற அறிவுரை பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு யூடியூப் சனல்களில் "டைரக்ட் பிளான் எடுங்கள், கொமிஷன் இல்லை" என்பார்கள். இந்தியாவில் 2013 ஜனவரி 1 முதல் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அப்படி ஒரு வகை கட்டாயமாக இருக்கிறது. அது அங்குள்ள பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. இலண்டனில் உள்ள அண்ணன் "ஆலோசகர் கம்பனியிடம் கொமிஷன் வாங்கக் கூடாதே" என்பார். அவர் சொல்வது பிரித்தானியாவில் 2012 டிசம்பர் 31இல் முதலீட்டு ஆலோசனைக்கு வந்த கட்டுப்பாடு. இரண்டும் எங்களுக்குப் பொருந்தாது. இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. கட்டணங்களை ஆவணத்தில் தேடி எடுங்கள்

வாயால் சொன்னதை ஒப்பிடாதீர்கள். கைநோட்டிஸையும் ஒப்பிடாதீர்கள், அதில் கட்டணம் இருந்தால் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும்.

யூனிட் ட்ரஸ்ட் என்றால் அந்த நிதியத்தின் விளக்க அறிக்கையைக் கேளுங்கள். அதில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: உள்ளே போகும்போது எடுக்கும் நுழைவுக் கட்டணம், வருடாந்த முகாமைக் கட்டணம், நிதியத்தைக் கண்காணிக்கும் நம்பிக்கையாளருக்கும் அதன் சொத்துகளை வைத்திருக்கும் பாதுகாப்பாளருக்கும் போகும் கட்டணம், வெளியேறும் கட்டணம். முகாமைக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு நம்பிக்கையாளர் கட்டணத்தை விட்டுவிடுவது வழக்கம். நான்கையும் சேர்த்தால்தான் உண்மை விலை.

நுழைவுக் கட்டணம் தனி வரியாகத் தெரியாவிட்டால், அன்றைய அலகின் (யூனிட்டின்) வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் பாருங்கள். நிதியங்கள் இரண்டையும் நாளாந்தம் வெளியிடுகின்றன. உங்களுக்கு விற்கிற விலை 25.75 ரூபா, உங்களிடம் திருப்பி வாங்குகிற விலை 25.00 என்றால், இன்று உள்ளே போய் இன்றே வெளியே வந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 3 ரூபா போய்விடும். பணச் சந்தை நிதியங்களில் (குறுகிய காலக் கடன்களில் போடுபவை) இந்த இடைவெளி பெரும்பாலும் இல்லை, பங்கு நிதியங்களில் பார்க்க வேண்டும்.

ஆவணம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இல்லை என்றால், கட்டணம் இருக்கிற பக்கத்தை மட்டுமாவது தமிழில் எழுதி, கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கிறவரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

5. எல்லாவற்றையும் ஒரே தாளில் ரூபாவாக மாற்றுங்கள்

வீதங்கள் ஏமாற்றும். "ஒன்றரை வீதம்தானே, இரண்டரை வீதம்தானே" என்று கேட்கும்போது வித்தியாசம் காதில் விழாது. ரூபாவில் பார்த்தால் விழும்.

ஒப்பிட மூன்றை எல்லாருக்கும் சமமாக வையுங்கள்: தொகை, காலம், கட்டணத்துக்கு முந்திய வருமானம். மூன்றாவதை ஏன் சமமாக வைக்க வேண்டும்? ஒவ்வொருவரும் தங்கள் நல்ல வருடத்தைக் காட்டுவார்கள். அந்த எண்களை உள்ளே விட்டால் ஒப்பீடு விளம்பரமாகிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. வீதங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. தொகை 10 இலட்சம், கட்டணத்துக்கு முன் வருமானம் வருடத்துக்கு 10%. முதலாவது நிறுவனம் நுழைவுக் கட்டணம் எடுப்பதில்லை, வருடத்துக்கு மொத்தம் 2.5% எடுக்கிறது. இரண்டாவது நுழையும்போது 3% எடுக்கிறது, பிறகு வருடத்துக்கு 1.5%.

முதலாவதில் 10 இலட்சம் முழுதாக உள்ளே போய் 7.5% வளரும். இரண்டாவதில் 970,000 உள்ளே போய் 8.5% வளரும்.

ஒரு வருட முடிவில் முதலாவது 1,075,000 ரூபா, இரண்டாவது 1,052,450. மூன்றாம் வருட முடிவிலும் முதலாவதே சற்று முன்னே: 1,242,297க்கு எதிராக 1,238,970. நான்காம் வருடத்தில் நிலை மாறுகிறது: 1,335,469க்கு எதிராக 1,344,283. ஐந்தாம் வருடத்தில் 1,435,629க்கு எதிராக 1,458,547.

ஆக, நுழைவுக் கட்டணம் எடுக்கிறவர் விலை கூடியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஏறக்குறைய மூன்றேகால் வருடத்துக்குள் காசு வேண்டுமென்றால் முதலாவது, அதற்கு மேல் என்றால் இரண்டாவது. 1ஆம் படியில் திகதி எழுதச் சொன்னது இதற்குத்தான்.

இன்னொரு எண்ணையும் தாளில் எழுதுங்கள். கட்டணமே இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் 1,610,510 வந்திருக்கும். முதலாவதுக்கு நீங்கள் கொடுக்கும் மொத்த விலை 174,881 ரூபா, இரண்டாவதுக்கு 151,963. இந்தத் தொகையைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு அந்த ஆலோசகர் இந்த ஐந்து வருடத்தில் உங்களுக்காக என்னென்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். நல்ல பதில் இருக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அந்தக் காசு தகும்.

இந்தக் கணக்கைப் போடத் தெரியாவிட்டால் ஓ.எல். கணிதம் படிக்கிற பிள்ளை போடும், கூட்டு வட்டிதான்.

நிலையான வைப்பையும் அதே தாளில் தனி வரிசையாகப் போடுங்கள், ஆனால் வருமான வரியைக் கழித்துப் போடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10% முற்பண வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது. வரிக்கு முந்திய வங்கி வட்டியை, கட்டணம் கழித்த நிதிய வருமானத்தோடு வைத்துப் பார்ப்பது புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை.

6. பங்குத் தரகர் என்றால் எத்தனை முறை என்று எண்ணுங்கள்

கொழும்பு பங்குச் சந்தையில் 10 கோடி ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தச் செலவு 1.12%. இதில் தரகருக்கு 0.640%, பங்குச் சந்தைக்கு 0.084%, மத்திய வைப்புத் திட்டத்துக்கு (சி.டி.எஸ்., பங்குகளை மின்னணுக் கணக்கில் வைத்திருக்கும் அமைப்பு) 0.024%, பிணையங்கள் ஆணைக்குழுவுக்கு 0.072%, பங்குப் பரிவர்த்தனை வரி 0.300%. வாங்கும்போதும் இது, விற்கும்போதும் இது. வாங்கிய பங்கு 2.27% ஏறினால்தான் நீங்கள் முதலுக்கு வருவீர்கள்.

எல்லாத் தரகருக்கும் ஏறக்குறைய ஒரே வீதம் என்பதால், இங்கே ஒப்பிட வேண்டியது வீதத்தை விட, எத்தனை முறை வாங்கி விற்க வைக்கிறார் என்பதை. 5 இலட்சம் ரூபாவை மாதம் ஒரு தடவை வாங்கி விற்றால், தொகை அப்படியே இருந்தாலும் வருடச் செலவு 134,400 ரூபா. அதில் தரகரின் பங்கு 76,800. வருடத்தில் ஒரு தடவை என்றால் மொத்தமே 11,200.

ஆலோசகரின் ஊக்குவிப்பு இந்தத் தரகில் தங்கியிருந்தால், ஒவ்வொரு காலையும் "இன்டைக்கு இதை வித்திட்டு அதை எடுப்பம்" என்று அழைப்பு வரும். அப்படி அழைப்பு வந்தால் ஒரே கேள்வி: செலவு கழித்து எனக்கு எவ்வளவு மிஞ்சும்? பதில் ரூபாவில் வர வேண்டும்.

7. காப்புறுதியோடு கலந்த முதலீட்டைத் தனியாக வையுங்கள்

இதை 5ஆம் படித் தாளில் போடாதீர்கள். கட்டுகிற பிரீமியத்தில் ஒரு பகுதி உயிர்க் காப்புக்கும், ஒரு பகுதி முகவருக்கும் நிர்வாகத்துக்கும், மிகுதிதான் முதலீட்டுக்கும் போகிறது. முகவரின் கொமிஷன் பெரும்பாலும் முதல் வருடங்களில்தான் கனம், அதனால் ஆரம்பத்தில் உங்கள் கணக்கில் சேர்வது கொஞ்சம்.

கேட்க வேண்டியது "முதிர்ச்சியில் எவ்வளவு?" என்பதை அல்ல. முதலாம், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் வருடத்தில் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். சரண்டர் வெல்யூ என்று சொல்வது அதைத்தான். ஆரம்ப வருடங்களில் அது பூச்சியமாகவே இருக்கலாம். மீன்பிடி, கட்டட வேலை, சுற்றுலா என்று பருவத்துக்கு உழைக்கிற குடும்பங்களில் பிரீமியம் விட்டுப்போவது சாதாரணம், ஆகவே அவர்களுக்கு இந்த அட்டவணைதான் முக்கிய ஆவணம்.

பொலிசி கைக்கு வந்ததும் அதில் திருப்பிக் கொடுப்பதற்கான நாள் எல்லை எழுதியிருக்கும். அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போடுங்கள்.

8. கையெழுத்து, பணம், போன் இலக்கம்

மாத முடிவில் கையெழுத்து வைக்காதீர்கள். "இந்த வீதம் நாளைக்கு இல்லை" என்ற அவசரம் அநேகமாக அவருடைய டார்கட் திகதியோடு ஒத்துப்போகும். அடுத்த மாதம் 5ஆம் திகதி வரச் சொல்லுங்கள். பொருள் நல்லதென்றால் அன்றைக்கும் இருக்கும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். பணத்தை ஆளின் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ கொடுக்கக் கூடாது. யூனிட் ட்ரஸ்ட் என்றால் விளக்க அறிக்கையில் உள்ள நிதியத்தின் வங்கிக் கணக்கு, பங்கு என்றால் தரகர் நிறுவனத்தின் கணக்கு. பங்குகள் உங்கள் பெயரில் உள்ள சி.டி.எஸ். கணக்கில் இருக்க வேண்டும்.

படிவத்தில் ஈமெயிலும் போன் இலக்கமும் கேட்பார்கள். வயதானவர்களுக்கு ஈமெயில் இல்லாததால் "என்டதைப் போடுறன் அம்மா" என்று முகவரே தன்னுடையதை எழுதிவிடுவதை நான் படிவங்களிலேயே கண்டிருக்கிறேன். உதவியாகத்தான் செய்திருப்பார். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் கணக்கு அறிக்கை எல்லாம் அவருக்கே போகும், எத்தனை தடவை விற்று வாங்கினார், எவ்வளவு கட்டணம் பிடித்தார் என்று உங்களுக்குத் தெரிய வராது. மகனுடையதை அல்லது பேத்தியுடையதைப் போடுங்கள்.

9. வருடத்துக்கு ஒரு தடவை அதே தாளை எடுங்கள்

சேர்ந்து ஒரு வருடம் ஆனதும் கணக்கு அறிக்கையையும் 5ஆம் படித் தாளையும் பக்கத்தில் வைத்து, சொன்ன கட்டணமும் பிடித்த கட்டணமும் ஒன்றா என்று பாருங்கள். தொகை பெரிதென்றால் நுழைவுக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று சேரும்போதே கேட்கலாம். கேட்டவருக்குச் சில நிறுவனங்கள் குறைக்கின்றன.

வித்தியாசம் இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள், தமிழிலேயே எழுதலாம். திகதி போட்டு, 3ஆம் படியில் வாங்கி வைத்த வட்ஸ்அப் பதிலின் பிரதியையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 2ஆம் படியில் சொன்ன ஒழுங்குபடுத்துநருக்கு அந்தக் கடிதங்களை அப்படியே அனுப்பலாம்: பங்குக்கும் யூனிட் ட்ரஸ்டுக்கும் பிணையங்கள் ஆணைக்குழு, பொலிசிக்குக் காப்புறுதி ஆணைக்குழு, வங்கிக்கும் நிதிக் கம்பனிக்கும் மத்திய வங்கி.